கிளாமோர்ப் போத்தல்

பாதை கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போயிருக்கும். கரையில் நின்ற என் பெண்சாதி பூமணி இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"தம்பி! கிளாமோர் கவனம்! ஆட்டாத! வெடிச்சுப் போடும்!"

பாதையில் நின்ற சனம் கதையை நிறுத்திவிட்டது.

பாதை என்று நாங்கள் சொல்வது ரோட்டை அல்ல. கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. இப்போது பாலம் இருக்கிறது. சண்டை நடந்த வருசங்களில் பாதைதான்.

தம்பி என்று அவள் கூப்பிட்டது தன் தம்பி யோகனை. எனக்கு மச்சான். இருபது வயது தாண்டியவன். அவன் கையில் பனையோலைப் பை. பைக்குள் மேலே முருங்கைக்காய், அடியில் வாய் அகன்ற ஒரு கண்ணாடிப் போத்தல். போத்தலுக்குள் மோரில் ஊறிய கிளாக்காய். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிளாமோர்.

அந்த நாளில் ஊரில் இன்னொரு சொல்லும் இருந்தது. கிளைமோர். வீதியோரத்தில் வைத்து வெடிக்கப் பண்ணுகிற குண்டு. காதுக்கு இரண்டும் கிட்டக் கிட்டத்தான். தண்ணீருக்கு மேலால் கத்தினால் இரண்டும் ஒன்றுதான்.

பாதையில் எங்களோடு ஒரு சிப்பாய் வந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அந்தச் சொல் தெரியும்.

முள்ளுப் பற்றை

போன கிழமை வேலிக்குக் கிளா வெட்டியதை எழுதினேன். கிளா என்றால் என்ன என்று கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை கேட்டதாம். அதைச் சொல்லிவிட்டுப் பாதைக்கு வருகிறேன்.

கிளா ஒரு முள்ளுப் பற்றை. காட்டோரத்தில் தானாக வரும். ஆள் உயரம், சிலது அதற்கு மேல். முள்ளு சோடி சோடியாக இருக்கும். இலை தடிப்பு. பூ வெள்ளை. மல்லிகை மாதிரி மணக்கும். மணத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டால் இரத்தத்தோடுதான் எடுக்க வேண்டும்.

நான் விறகு வெட்டிப் பிழைத்தவன். கிளா விறகுக்கு உதவாது. ஆனால் வெட்டாமல் வந்ததில்லை. காய்ந்த கிளாமுள்ளைச் சுற்றிப் போட்டால் தோட்டத்துக்குள் மாடு வராது, பன்றியும் யோசிக்கும். வீட்டுக்குப் பின்னால் கோடிக்குப் போட்டால் கள்ளனும் வரான்.

முள்ளை முறித்து வைத்திருப்போம். காலில் ஏறின முள்ளை எடுக்க அதுதான் ஊசி. வாழையிலை கிழிந்தால் குத்திப் பிடிக்கவும் அதுதான்.

மாட்டுக்குப் புண் வந்து புழு வைத்தால் கிளாவேரை அரைத்து அப்புவோம். இரண்டொரு நாளில் புழு கொட்டும். மணம் ஆளையே துரத்தும், ஈ எம்மாத்திரம். சொறிக்கு வேரைத் தேசிப்புளியில் உரைத்துப் பூசுவார்கள். காய்ச்சலுக்கு இலையை அவித்துக் குடிப்பார்கள். குடித்தவர்கள் சிலருக்குச் சுகம் வந்தது. சிலருக்கு வரவில்லை. காய்ச்சல் வந்தால் ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.

பழம் கறுப்பு. கனிந்தால் இனிக்கும், உதட்டில் பால் ஒட்டும். காட்டுக்குள் தண்ணீர் முடிந்தால் அதைத்தான் சப்பிக்கொண்டு நடப்பேன்.

காய் புளி. றோட்டுப் பூட்டியிருந்த மாதங்களில் கடையில் பழப்புளி இல்லை. தோப்பூர்ச் சந்தைக்குப் போகவும் ஏலாது. கிளாக்காயை இடித்து மீனுக்குப் போட்டோம். கறி கறுத்துப் போகும். ருசி கெடாது. கிண்ணியாவில் கருவாடு விற்கும் காசிம் காக்கா வீட்டில் அதை ஈச்சம்பழத்தோடு அச்சாறு போடுவார்கள். பெருநாளுக்கு எங்களுக்கும் ஒரு கோப்பை வரும்.

பூமணி போடுவது மோரில். பச்சைக்காயைக் கீறி உப்புத் தண்ணீரில் ஒரு இராத்திரி விடுவாள். பால் போக வேண்டும். பிறகு நன்றாகப் புளித்த மோர், மஞ்சள், கடுகு, இடித்த பச்சை மிளகாய். வெயிலில் வைப்பாள். நாலாம் நாள் நுரைக்கும். அதிலிருந்து தினமும் ஒருதரம் மூடியைத் திறந்து மூச்சு விட வேண்டும். விடாவிட்டால் மூடி கூரைக்குப் போகும். எங்கள் குசினிக் கூரையில் அப்படி ஒரு ஓட்டை உண்டு.

அவள் கத்தினது அதற்குத்தான்.

மாமியின் வாய்

அந்தப் போத்தல் போனது அக்கரையில் இருக்கும் அன்புவழிபுரத்துக்கு. என் மாமிக்கு. பூமணியின் தாய்.

மாமி மலேரியாவில் கிடந்து எழும்பியவ. காய்ச்சல் விட்டது. வாய்க்கசப்பு விடவில்லை. சோறு கண்டால் முகத்தைத் திருப்பினா. கஞ்சியைக் கொடுத்தால் நாயைக் கூப்பிட்டா. ஆள் பாயோடு பாயாய் ஒட்டிப்போனா. அவவோடு இருந்தது யோகன் மட்டும். மற்றப் பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒரு மகள் என்னிடம், ஒரு மகன் அவவிடம். அவ்வளவுதான்.

ஒரு நாள் மாமி கேட்டா. "பூமணியிட்ட அந்தப் புளிக்காய் இருந்தா இரண்டு வாய் தின்னுவன்."

தின்பேன் என்று அவ சொன்னது அதுதான் முதல்தரம். யோகன் அடுத்த நாளே புறப்பட்டு எங்களிடம் வந்தான். நாங்கள் கிண்ணியாவுக்கு உள்ளே, வயற்பக்கம். இராத்திரி தங்கினான். விடியப் பூமணி போத்தலை நிரப்பி மூடியை இறுக்கினாள். ஒழுகாமல் இருக்க மூடியைச் சுற்றிக் கறுப்பு ரேப் ஒட்டினாள். வயருக்குச் சுற்றுகிற ரேப். வீட்டில் இருந்தது அதுதான்.

தனியே இளந்தாரியை அனுப்பக்கூடாது என்று நானும் கூடப் போனேன். அந்த நாளில் இளந்தாரி தனியே போனால் கேள்வி. வயது போனவனோடு போனால் பாதிக் கேள்வி.

இக்கரைச் சோதனையில் முருங்கைக்காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்கள். ஏறினோம். நல்லபடியாகப் போகிறோம் என்று நினைத்தேன். அப்போதுதான் கரையில் நின்ற பூமணிக்கு மூடி ஞாபகம் வந்திருக்கிறது.

நடுத்துறையில்

சிப்பாய் துவக்கைத் தூக்கினான். "நவத்தன்ன! நவத்தன்ன!" நிறுத்தச் சொன்னான். பாதைக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். தண்ணீர் பலகையில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சனம் யோகனை விட்டு ஒதுங்கியது. எல்லோரும் ஒரு பக்கத்துக்குப் போகப் பாதை சாய்ந்தது. ஒரு சைக்கிள் விழுந்து மணி அடித்தது.

"ஒரு பக்கமா வராதீங்கோ! தண்ணிக்க தாண்டு போவம்!" என்று பாதைக்காரர் கத்தினார்.

குண்டுக்கு ஒதுங்கிய சனம் தண்ணீருக்குப் பயந்து திரும்ப நடுவுக்கு வந்தது. யோகன் அருகில் மட்டும் ஒருவரும் வரவில்லை. நான் போனேன். சிப்பாய் என்னையும் தள்ளி நிறுத்தினான்.

யோகன் பையைக் கீழே வைக்கக் குனிந்தான். அதற்கும் அதட்டல். வைக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. கையை நீட்டியபடி நின்றான்.

"அத்தான், கை உளையுது."

"பிடி" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"பிடியடா."

கரையில் பூமணி கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் வழியில் நிற்பதைப் பார்த்து இன்னும் ஏதோ கத்தினாள். நல்ல காலம், காற்று மறுபக்கம்.

சிப்பாய் தோளில் இருந்த வோக்கியில் பேசினான். சிங்களம். நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

சனத்துக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். "மோரு! மோரு, மாத்தயா!"

காசிம் காக்கா. கருவாட்டு மூட்டையை விட்டுவிட்டு முன்னுக்கு வந்தார். யாவாரத்தில் சிங்களம் பழகியவர். சிங்களத்திலும் மோர் மோருதான். கிளாவுக்கு அவர்கள் சொல்வது கரம்ப.

"கரம்ப மோரு, மாத்தயா. குண்டு இல்ல. திங்கிற சாமான்."

சிப்பாய் பையைப் பார்த்தான். காக்காவைப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் இளகியது மாதிரி இருந்தது. ஆனால் சொல் வோக்கியில் ஏறிப் போய்விட்டது. ஏறினதை அவனால் இறக்க ஏலாது.

மூடி

பாதையை மெதுவாக அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரையும் இறக்கினார்கள். யோகனை மட்டும் பாதையில் நிற்கவைத்தார்கள். சிப்பாய்மார் மண்மூட்டைக்குப் பின்னால். நாங்கள் தூர வெயிலில்.

திறந்து காட்டு என்றார்கள். நான் திறக்கிறேன் என்று கையைக் காட்டினேன். விடவில்லை.

யோகன் பையைப் பலகையில் வைத்தான். முருங்கைக்காயை எடுத்து வைத்தான். போத்தலை எடுத்தான். கறுப்பு ரேப்பைக் கண்டதும் மண்மூட்டைக்குப் பின்னால் எல்லாத் தலையும் இன்னும் பணிந்தது.

அவன் ரேப்பைச் சுற்றிச் சுற்றி எடுத்தான். பூமணி எதைக் கட்டினாலும் இறுக்கித்தான் கட்டுவாள். அது முடியவே இல்லை.

மூடியில் கையை வைத்தான். திருகினான்.

டப் என்று ஒரு சத்தம்.

எல்லோரும் நிலத்தில் விழுந்தோம். நானும் படுத்தேன். போத்தலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் படுத்தேன்.

ஒருவரும் சுடவில்லை. அந்தச் சத்தத்துக்கு ஒரு விரல் அசைந்திருந்தால் போதும்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். யோகன் நின்றபடி நின்றான். முகமெல்லாம் நுரை. மூடி தண்ணீரில் மிதந்தது.

காசிம் காக்கா படுத்தபடியே கேட்டார். "மனே, உசிரோட இரிக்கியா?"

"இருக்கிறன் காக்கா. கண்ணுக்க மிளகாய்."

மண்மூட்டைக்குப் பின்னால் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். எங்கள் சனமும் சிரித்தது. பாதைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஒரு சிப்பாய் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோய் யோகனின் கண்ணைக் கழுவவும் விட்டான்.

முடிந்தது என்று நினைத்தேன்.

வோக்கி பேசியது. சிரிப்பு நின்றது. பெரியவர் வருகிறாராம். அவர் வரும்வரை ஆளை விடக்கூடாதாம்.

பெயர்

யோகனின் அடையாள அட்டையை வாங்கினார்கள். அவனைக் காவல் கொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தவைத்தார்கள். போத்தலை அவனுக்கு முன்னால் வைத்தார்கள். என்னை வேலிக்கு வெளியே விட்டார்கள்.

அந்த நாளில் வாகனத்தில் ஏற்றினால் பிறகு எங்கே போய்க் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டில் அப்படி ஏற்றினவர்களுக்காக இன்னும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். யோகனை ஏற்றினால் மாமிக்கு நான் என்ன சொல்வது? புளிக்காய் கேட்டீங்கள், அதனால் என்றா?

பஸ் வந்தது. சனம் போனது. காசிம் காக்கா போகவில்லை.

"நீங்கள் போங்கோ காக்கா. யாவாரம் கெடும்."

"கருவாடுதானே? இன்னும் காயட்டும். அவனுக்காகச் சிங்களத்தில ஒரு சொல்லுச் செல்ல ஆரு இரிக்கா? நீயா?"

எனக்குத் தெரிந்த சிங்களம் விறகு விற்க மட்டும் காணும்.

வெயில் ஏறிப் பிறகு சரியத் தொடங்கியது. ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி மெலிந்த மனிதர். அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது. எங்களையும் உள்ளே கூப்பிட்டார்.

"அந்தப் பெம்பிள என்ன சொல்லிக் கத்தினது?"

அந்தச் சொல்லை அவர் முன்னால் யார் சொல்வது?

"ஊறுகாய், சேர்" என்றார் காக்கா.

"ஊறுகாய்க்கு என்ன பேர்?" என்று என்னைப் பார்த்தார்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "தயிர்க்காய், சேர்."

அவர் யோகனிடம் திரும்பினார். "நீ சொல்லு. என்ன பேர்?"

அவன் வேறு பெயர் சொன்னால் நான் பொய்யன். நான் சொன்னதையே சொன்னால் அவன் பொய்யன். பாதையில் அந்தச் சொல்லைக் கேட்ட சிப்பாய் பக்கத்திலேயே நிற்கிறான்.

யோகன் போத்தலுக்குள் விரலை விட்டான். ஒரு காயை எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

"கிளா" என்றான்.

காயை வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். பிறகு போத்தலைக் கொஞ்சம் சரித்தான். வெள்ளையாக உள்ளங்கையில் விழுந்தது. அதையும் காட்டினான்.

"மோர்" என்றான்.

அதிகாரி அவன் கையைப் பார்த்தபடி நின்றார்.

"கிளா" என்றார். நிறுத்தினார். "மோர்."

"ஓம் சேர்."

"இவர் வேற பேர் சொன்னது."

காசிம் காக்கா குறுக்கே வந்தார். "ரெண்டும் ஒண்டுதான், சேர். இந்த ஆளுக்கு உங்களக் கண்டு பயம்."

அதிகாரியின் வாய் ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் விளங்கியது. குனிந்து ஒரு காயை எடுத்தார். சிப்பாய் ஏதோ சொல்லித் தடுத்தான். அவர் கேட்கவில்லை. கடித்தார். ஒரு கண் தானாக மூடியது. மற்றக் கண்ணில் தண்ணீர் வந்தது. துப்புவார் என்று பார்த்தேன். துப்பவில்லை. இன்னொன்று எடுத்தார்.

வோக்கியை வாங்கிக் கொஞ்சம் பேசினார்.

"என்ன சொல்லுறார்?" என்று காக்காவின் காதில் கேட்டேன்.

"ஊறுகாய் எண்டு செல்றார். அங்கால சிரிக்கிறாங்க."

அதிகாரி ஒரு சிப்பாயிடம் தகரக் குவளை கேட்டார். போத்தலில் பாதியை அதற்குள் ஊற்றினார். அடையாள அட்டையை யோகனிடம் கொடுத்தார்.

"போ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பெம்பிளைக்குச் சொல்லு. இனிக் கத்த வேண்டாம்."

பாதிப் போத்தல் போனது. முழு ஆள் வந்தான்.

றோட்டில்

மூடி இல்லை. யோகன் போத்தலின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நடந்தான். காவல் கொட்டில் கண்ணுக்கு மறையும்வரை திரும்பிப் பார்க்காமல் போனோம். மறைந்ததும் அவன் றோட்டோரத்தில் குந்திவிட்டான்.

"என்னடா?"

"கொஞ்சம் இருந்திட்டுப் போவம், அத்தான்."

நானும் குந்தினேன். காசிம் காக்கா மூட்டையை இறக்கி அதன்மேல் இருந்தார்.

"பொண்டாட்டிட்டச் செல்லு மனே" என்றார் என்னைப் பார்த்து. "அடுத்த முறை மிதிவெடி எண்டு ஏதும் பலகாரம் செஞ்சா, வீட்டுலயே வெச்சுத் திங்கச் செல்லு."

சிரித்தோம். விக்கல் வரும்வரை சிரித்தோம். வழியில் போன ஒரு வண்டில்காரன் எங்களைப் பார்த்துவிட்டு மாட்டை விரட்டினான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரை எடுக்கவில்லை. பக்கத்து வீடுகளும் விட்டுவிட்டன. நான் பயத்தில் சொன்ன தயிர்க்காய்தான் நிலைத்தது. இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.

அன்புவழிபுரம்

பொழுது படப் போய்ச் சேர்ந்தோம். மாமி வாசலில் இருந்தா. படுக்கையை விட்டு எப்படி வந்தா என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

"பாதை பிந்திப்போச்சு, அம்மா" என்றான் யோகன்.

அவ அவன் சட்டையைப் பார்த்தா. மோர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவன் கண்ணைப் பார்த்தா. சிவந்திருந்தது. என்னைப் பார்த்தா.

நான் நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். ஜீப் என்ற இடத்தில் அவ கண்ணை மூடினா. குவளை என்ற இடத்தில் திறந்தா. சிரிக்கவில்லை.

"சோறு இருக்கோ?" என்றா.

யோகன் குசினிக்குப் போய்க் கோப்பையில் கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு கிளாக்காயை மேலே வைத்தான். பக்கத்தில் குந்தினான்.

மாமி பிசைந்து ஒரு வாய் வைத்தா. மென்றா. நாங்கள் இரண்டு பேரும் அவவின் தொண்டையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். இறங்கியது.

"உப்புக் காணாது" என்றா.

அடுத்த வாயை எடுத்தா. அதற்கடுத்ததையும். வலக்கைதான் சாப்பிட்டது. இடக்கை யோகனின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. கோப்பை முடிந்தது. அவன் இன்னும் கொஞ்சம் போட எழும்பினான்.

சட்டையை அவ விடவில்லை. நான்தான் எழும்பிப்போய்ச் சோறு எடுத்துவந்தேன்.